மூன்றாவது ஃப்ளோர் வாசலில் ஒரு பூசணிக்காய்

அத்தியாயம் 6

ஆஸ்பத்திரி வார்டுக்குள் ஒருவன் தூக்கிவந்த கொய்யாப்பழக் கூடைக்குள்ளிருந்து வெளியே வந்த அரிவாள், சேக் முகைதீனின் காதுக்கு நாலு விரல் தள்ளிச் சுவரில் இறங்கி, ஒரு கைப்பிடி சுண்ணாம்பைப் பெயர்த்துக்கொண்டு திரும்பியது.

கோடம்பாக்கத்தில் ஒன்பது வருஷம் சண்டைக்காட்சி ஆளாக வயிறு வளர்த்தவன் சேக். கதாநாயகர்கள் கையால் நாற்பத்து மூன்று முறை செத்திருக்கிறான். முழங்கால் சில்லு விலகிய பிறகுதான் ஊருக்குத் திரும்பி, துப்பறியும் குருவம்மாளிடம் உதவியாளாகச் சேர்ந்தான். அந்த நாற்பத்து மூன்று சாவிலும் அரிவாள் அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டியது. இது பட்டறையில் அடித்த இரும்பு. காற்றில் வரும்போதே சத்தம் வேறாக இருந்தது.

“அண்ணாச்சி, டைரக்டர் கட் சொல்லிட்டாரு! கீழ போடுங்க!” என்று கத்திக்கொண்டே குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கிக் குறுக்கே நீட்டினான். இரண்டாவது வெட்டு அதன் இரும்புக் குழாயில் விழுந்து பொறி பறந்தது. மூன்றாவது வெட்டு கட்டிலைத் தேடிப் போனது. கட்டிலில் கிடந்த அபுபக்கர் உருண்டு தரையில் விழுந்துவிட்டதால், தலையணைப் பஞ்சுதான் வார்டு முழுக்கப் பறந்தது.

நாலாவது வெட்டு விழவில்லை. கதவு இடுக்கு வழியாக ஒரு கை நுழைந்து, வெட்டியவனின் மணிக்கட்டைப் பிடித்து நிலைப்படிக்கு இழுத்தது. அடுத்த நொடி கதவு முழு வேகத்தில் அந்த மணிக்கட்டின் மேல் சாத்திக்கொண்டது. காய்ந்த முருங்கைக் கொம்பு ஒடிவது போல ஒரு சத்தம். அரிவாள் தரையில் விழுந்து சுழன்றது.

கதவைத் திறந்துகொண்டு குருவம்மாள் உள்ளே வந்தாள். பதினாலு வருஷம் போலீசில் இருந்து, ஏட்டாக இருக்கும்போதே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்கு மேலே அறை எடுத்துத் துப்பறியும் தொழில் நடத்துகிறாள். ஊருக்கு இன்னமும் அவள் ஏட்டம்மாதான்.

“யாரு அனுப்புனா?” என்று கேட்டாள்.

“சீனிச்சாமி அண்ணாச்சி...” என்று முனகினான் விழுந்து கிடந்தவன். “என் கைய விடுங்க, ஏட்டம்மா...”

“கை இருந்தாத்தானே விட?” என்றான் சேக், தன் காது இருக்கிறதா என்று தடவிக்கொண்டே.

‘இன்ஸ்பெக்டர் போனில் கூப்பிடுகிறார்’ என்று எவனோ சொன்ன பொய்யை நம்பிக் கீழே போயிருந்த கான்ஸ்டபிள் இரைக்க இரைக்க ஓடிவந்து, ஒடிந்த கைக்காரனை இழுத்துக்கொண்டு போனார். மணி மூன்றரை.

அபுபக்கரைத் தூக்கி உட்கார வைத்தாள் அவன் மனைவி ஆரிபா. அவனுடைய இடது கையில் முழங்கை வரை கட்டு. ஞாயிற்றுக்கிழமை நடந்த முதல் வெட்டில் இரண்டு விரல் போயிருந்தது.

“ஏட்டம்மா, அஞ்சு மணிக்கு இவியள டிஸ்சார்ஜ் பண்றாக. இன்ஸ்பெக்டர் கொலைக் கேசுல கைது பண்ணி கோர்ட்டுக்குக் கொண்டுபோவாராம். ஆஸ்பத்திரி வாசப்படிக்கும் ஜீப்புக்கும் நடுவுல முப்பது அடி. அந்த முப்பது அடியத் தாண்ட விடமாட்டோம்னு டீக்கடையில சொல்லிட்டுப் போயிருக்காக. எதுத்தாப்புல பாருங்க, எம்புட்டுப் பேரு உக்காந்திருக்காகன்னு.”

ஜன்னல் வழியாகப் பார்த்தான் சேக். எதிர் டீக்கடை பெஞ்சில் ஒன்பது பேர். ஆளுக்கொரு துண்டு முதுகுப் பக்கம் விறைப்பாகத் தொங்கியது. துண்டு தானாக விறைக்காது.

“கொன்னது நீயா?” என்றாள் குருவம்மாள், நேராக அபுபக்கரைப் பார்த்து.

“அல்லா மேல ஆணையா இல்ல, ஏட்டம்மா. நான் சொன்ன ஒரு வார்த்தை என்னைக் கொல்லுது.”

அபுபக்கர் ராஜபாளையத்தில் டூர் வேன் நடத்துகிறவன். மற்றவர்கள் பழனி, திருச்செந்தூர் என்று வண்டி விட்டபோது இவன் கோடம்பாக்கத்துக்கு விட்டான். அவனுடைய நோட்டீஸ் மில் வாசல்களிலும் தியேட்டர் சுவர்களிலும் ஒட்டியிருக்கும்: ‘சினிமா ரசிகர்களே! மூன்றே நாளில் சென்னை! ஸ்டூடியோக்கள், நட்சத்திரங்களின் வீடுகள், பாட்டுப் பதிவு நடக்கும் தியேட்டர், சண்டை நடிகர்கள் டீ குடிக்கும் கடை, வடபழனி முருகன் தரிசனம், மெரினா. அதிர்ஷ்டம் இருந்தால் ஷூட்டிங். அனைவருக்கும் மஞ்சள் தொப்பி இலவசம்.’

“போன மாசம் வன்னியம்பட்டி மொக்கைச்சாமி என் வண்டியில வந்தாரு. சீனிச்சாமிக்குத் தம்பி. போகும்போது பாட்டும் கூத்தும்தான். பதினேழாம் தேதி சனிக்கிழமை ஒரு ஸ்டூடியோவுல உள்ளகூட விட்டாக. அன்னைக்குச் சாயங்காலம் நட்சத்திரங்க வீடு இருக்கிற தெருப்பக்கம் எல்லாரையும் இறக்கிவிட்டேன். ரெண்டு மணி நேரம் இவரக் காணோம். திரும்பி வந்தவரு ஊரு வார வரைக்கும் வாயே திறக்கல. விழுப்புரத்துல வாங்கிக் குடுத்த தோசையத் தொடல.”

“அப்புறம்?”

“திங்கக்கிழம காலையில ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல இறங்கினாரு. ‘என்ன அண்ணாச்சி, நடிகர் வீட்டப் பாத்து மெரண்டுட்டீகளா’ன்னு சும்மா கேட்டேன். அறைஞ்சுட்டாரு. ‘வீட்டக் காட்டுதேன்னு காம்பவுண்டுச் சுவரக் காட்டுனியேலே, ஏமாத்துக்காரா’ன்னு நாப்பது பேருக்கு முன்னால அறைஞ்சாரு. எனக்கும் ரத்தம் சூடாயிருச்சு. ‘ஒன் தலைய எடுத்துருவேன்’னு கத்திட்டேன். முப்பதாம் தேதி வெள்ளிக்கிழம அவரு மோட்டார் ரூம்புல தலை வேற, முண்டம் வேறயாக் கிடந்தாரு.”

சேக் ஜன்னலை விட்டுத் திரும்பினான். “வசனம் எழுதினவன் நீ, ஷூட்டிங் எடுத்தவன் எவனோ.”

“பாய், ஸ்கூட்டர எடுங்க” என்றாள் குருவம்மாள். “வன்னியம்பட்டிக்குப் போறோம்.”

“அரிவாள் வந்த ஊருக்கா?”

“அங்க இருக்கிற அம்புட்டுப் பேரும் டீக்கடையிலதான் உக்காந்திருக்கான். ஊரு காலியாத்தான் இருக்கும்.”

ஊர் காலியாக இல்லை.

சாவு வீட்டுப் பந்தலில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மர நாற்காலியில் சீனிச்சாமி. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து பென்ஷன் வாங்கியவர். முடி இன்னும் பட்டாள வெட்டு. மடியில் கிடந்த அரிவாளை அவர் மறைக்கவில்லை. ஸ்கூட்டரைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்து வந்து சேக்கின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்கள். ஒருவன் அடித்த அடியில் கீழுதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது.

“விடுங்கலே” என்றார் சீனிச்சாமி. “சாவு வீட்டுக்குத் துட்டி கேக்க வந்தவுகள அடிக்கிறது நமக்கு வழக்கமில்ல. ஏட்டம்மா, துட்டிதானே கேக்க வந்தீக?”

“ஆமா அண்ணாச்சி. பொம்பளையாளப் பாத்துட்டு வாரேன்.”

“பாத்துட்டுப் போயிருங்க. அவனுக்காகப் பேச வந்திருந்தா, அத வெளிய வச்சுட்டு உள்ள வாங்க.”

குருவம்மாள் உள்ளே போனாள். சேக் பந்தல் காலில் சாய்ந்து நின்றுகொண்டு உதட்டை லுங்கி முனையால் ஒற்றினான். யாரும் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. கால் மணி நேரம் கழித்து அவள் திரும்பி வந்தபோது, அவளுக்குப் பின்னால் நிலைப்படி வரை இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி செத்தவனின் மனைவி வெள்ளத்தாய். இன்னொருத்தி செத்தவனின் தங்கை அங்காளம்மாள்.

குருவம்மாள் சேக்கின் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் சொன்னாள்: “மெட்ராசுலேருந்து வந்த நாள்லேருந்து மொக்கைச்சாமி ஒரே ஒரு ஆளோட பேசறத நிப்பாட்டியிருக்கான். அங்காளம்மா புருஷன். மச்சான் வீட்டுக்குள்ள வந்தா இவன் எந்திரிச்சு வெளிய போயிருவானாம்.”

“அது எந்த ஆளு?”

“சீனிச்சாமிக்கு வலது பக்கம்.”

வலது பக்கம் உட்கார்ந்திருந்தவன் பொன்னுராஜ். ராஜபாளையத்தில் நூல் மில்லில் மேஸ்திரி. மல் வேட்டி, நெற்றியில் நீளமாகக் குங்குமம். அவன் கையிலும் அரிவாள் இருந்தது. மற்றவர்களைவிட அவன் அழுகைதான் சத்தமாக இருந்தது.

“ஏட்டம்மா!” என்று அவனே கூப்பிட்டான். “எம் மச்சான வெட்டும்போது நான் பக்கத்துல இல்லாமப் போயிட்டேனே! இருந்திருந்தா அந்த அபுபக்கர் கையில அரிவாளு ஏறியிருக்குமா? மெட்ராசுல போயி சினிமா பூஜையில நின்னுக்கிட்டு இருந்திருக்கேன், பாவி. இந்தா, பாருங்க. இன்ஸ்பெக்டருகிட்டயும் காட்டிட்டேன்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு கலர் போட்டோவை எடுத்து நீட்டினான்.

கேட்காத கேள்விக்குப் பதிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறான் இவன், என்று நினைத்தான் சேக். போட்டோ அவன் கைக்கு வந்தது.

ஒரு ஸ்டூடியோவின் ஃப்ளோர், அதாவது ஷூட்டிங் கூடம்; அதன் பெரிய தகரக் கதவு. அதில் ‘3’ என்று வெள்ளை பெயின்ட். அந்த வாசலில் மட்டும் சேக் ஏழு முறை செத்திருக்கிறான். கதவுக்கு முன்னால் பொன்னுராஜ் சிரித்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் ஒரு கும்பல். காலடியில்—

சேக்கின் விரல் போட்டோவின் மேல் அப்படியே நின்றது. உதட்டு வலி மறந்துபோனது.

“பூஜை ரொம்ப விமரிசையோ, அண்ணாச்சி?” என்று மெதுவாகக் கேட்டான்.

“பின்ன? கேமராவுக்குச் சூடம் காட்டி, பூசணிக்கா உடைச்சாக. கீழ பாருமய்யா, கிடக்குல்லா, குங்குமம் அப்பி. முப்பதாம் தேதி அந்த ஸ்டூடியோவுல பூஜைன்னு பேப்பர்லயே போட்டிருக்கு. படம் ஆரம்பிக்கிற பூஜை முடியிற வரைக்கும் நான் அங்கதான்.”

“பூசணிக்கா உடைச்சத ஒங்க கண்ணால பாத்தீகளா?”

“எங்காலுகிட்டத்தான் உடைச்சாக. தெறிச்சு வேட்டியில எல்லாம் பட்டுச்சு. நம்ம மில்லுல ஆயுத பூஜைக்கு உடைக்கலையா? அதே மாதிரிதான்.”

சேக் சிரிக்கவில்லை. ஒரு பதில் கிடைத்து அவன் சிரிக்காமல் இருந்தது அபூர்வம் என்பதால் குருவம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

“ஏட்டம்மா” என்றான் சேக். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான். “நம்ம ஊருல கடைக்குப் பூஜைன்னாலும், மில்லுக்குப் பூஜைன்னாலும் பூசணிக்காதான். கோடம்பாக்கத்துல அப்படியில்ல. படம் ஆரம்பிக்கிற பூஜைக்குத் தேங்கா. படம் முடிஞ்சு, கடைசி ஷாட்டும் எடுத்து, மூட்டையக் கட்டும்போதுதான் பூசணிக்கா. ஆரம்பத்துலயே பூசணிக்காயக் கொண்டாந்தா புரொட்யூசர் அழுதுருவாரு. இது பூஜை இல்ல. ஏதோ ஒரு படத்தோட கடைசி நாளு.”

சீனிச்சாமி தலையை மட்டும் திருப்பினார்.

“என்னய்யா ஒளறுத?” என்றான் பொன்னுராஜ். “தேங்காயும் உடைச்சாக. ரெண்டுந்தான்.”

“சரி, ரெண்டுந்தான்” என்று குருவம்மாள் போட்டோவை வாங்கிக்கொண்டாள். “பின்னால கும்பல்ல நாலஞ்சு பேரு மஞ்சத் தொப்பி போட்டிருக்காகளே, அவுக யாரு?”

“ஸ்டூடியோ ஆளுகளா இருக்கும். எனக்கென்ன தெரியும்?”

“தொப்பி முன்பக்கம் என்னமோ எழுதியிருக்கே. பாய், ஒங்க கண்ணு நல்ல கண்ணு.”

சேக் வெயிலில் சாய்த்துப் பார்த்தான். “அபுபக்கர் டூர்ஸ், ராஜபாளையம். ஒரு தொப்பியில எழுத்து நல்லாவே விழுந்திருக்கு.”

“அபுபக்கர் வண்டி கடைசியா மெட்ராசுக்குப் போனது போன மாசம் பதினேழாம் தேதி. முப்பதாம் தேதி வண்டி ராஜபாளையத்துல ஒர்க்ஷாப்புல நின்னுச்சு. ஊருக்கே தெரியும்.” குருவம்மாள் நிலைப்படிக்குப் போனாள். “வெள்ளத்தாயி, இங்க வா. இந்தத் தொப்பிக்காரங்கள்ல, கடைசியா நிக்கிற ஆளப் பாரு. முகம் பாதிதான் தெரியுது. ஒரு கைய இடுப்புல வச்சுக்கிட்டு, ஒரு கையால பிடரியச் சொறியுதாரு.”

வெள்ளத்தாய் போட்டோவை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். ஆறு நாளாக அழுது அவள் குரல் கட்டியிருந்தது. அதனால் அவள் சொன்னது பந்தல் முழுக்கக் கேட்கவில்லை. சீனிச்சாமிக்குக் கேட்டது.

“எம் புருஷன்” என்றாள். “அவியதான். யோசன வந்தா இப்படித்தான் பிடரியச் சொறிவாக. அவிய பொன்னுராஜ் அண்ணனத்தான் பாத்துக்கிட்டு நிக்காக.”

“முப்பதாம் தேதி மத்தியானம் மோட்டார் ரூம்புல வெட்டுப்பட்டுச் செத்தவன், அதே முப்பதாம் தேதி கோடம்பாக்கத்துல தொப்பி போட்டுக்கிட்டு எப்படி நிப்பான், பொன்னுராஜ்?” என்றாள் குருவம்மாள். “இது பதினேழாம் தேதி எடுத்த போட்டோ. முப்பதாம் தேதி நீ எங்க இருந்த?”

பொன்னுராஜ் போட்டோவுக்காகக் கையை நீட்டினான். வெள்ளத்தாய் அதைக் குருவம்மாளிடமே கொடுத்தாள்.

“இன்னொண்ணும் இருக்கு” என்று குருவம்மாள் போட்டோவின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். “இந்தப் பக்கம் கத்திரியால வெட்டியிருக்கு. யாரையோ கழிச்சிருக்க. ஆனா ஒஞ் சுண்டுவிரல நீ வெட்ட முடியல. அதச் சுத்திப் பிடிச்சிருக்கிற கைய நீ கவனிக்கல.”

அங்காளம்மாள் எட்டி அந்தப் போட்டோவை வாங்கினாள். நாலு குட்டி விரல்கள், மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு, அவள் புருஷனின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மடியில் குழந்தை இல்லை.

“பொண்ணா, பையனா?” என்று கேட்டாள்.

அதற்குப் பதிலாகப் பொன்னுராஜ் எழுந்தான். எழுந்த வேகத்தில் பக்கத்திலிருந்தவனின் தோளில் அரிவாள் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் பந்தல் கீற்றில் தெறித்தது. ஒரே தாவலில் நிலைப்படிக்குப் போய், அங்காளம்மாளின் கொண்டையைச் சுற்றிப் பிடித்து, கழுத்தில் அரிவாளை வைத்தான்.

“எவனும் கிட்ட வரக் கூடாது! அறுத்துருவேன்! நாந்தாம்ல வெட்டுனேன். ஸ்டூடியோவுல விசாரிச்சு எங்க வீடு வரைக்கும் வந்துட்டான். பத்து நாள் கெடு குடுத்தான் எனக்கு. ‘மெட்ராசுல குடும்பம் இருக்குன்னு எந் தங்கச்சிகிட்ட நீயே சொல்லு, இல்லன்னா ஊரக் கூட்டிச் சொல்லுவேன்’னான். காலுல விழுந்தேன். எத்தித் தள்ளினான்!”

பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. அரிவாளின் நுனியில் அங்காளம்மாளின் கழுத்துத் தோல் கீறி, ஒரு சிவப்புக் கோடு ரவிக்கைக்குள் இறங்கியது.

சேக் கைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். “அண்ணாச்சி, நான் நாப்பத்து மூணு தடவ செத்தவன். என்னைய வெட்டுங்க, எனக்குப் பழக்கம். அந்தம்மாவுக்கு இதான் மொத டேக்கு.”

“நில்லுல துலுக்கா!”

“நிக்கேன், நிக்கேன். கையில இருக்கறதச் செத்த இறக்கிப் பிடிங்க. கேமரா ஆங்கிள் சரியில்ல.”

பொன்னுராஜின் கண் ஒரு நொடி சேக்கின் மேல் தங்கியது. அந்த நொடி அங்காளம்மாளுக்குப் போதும். கழுத்தை அரிவாளிலிருந்து விலக்கவில்லை அவள். அரிவாள் பிடித்த கையின் கட்டைவிரலை வாயில் கவ்வி, எலும்பு தட்டும் வரை கடித்தாள். அவன் அலறினான். சுவரோரம் சாய்த்திருந்த மண்வெட்டி எப்போது குருவம்மாளின் கைக்குப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அதன் மரப்பிடி அவன் முழங்கையில் ஒரு முறையும், முழங்காலில் ஒரு முறையும் இறங்கியது. இரண்டாவது அடியில் அவன் மண்டியிட்டான். மூன்றாவது அடி தேவைப்படவில்லை. ஆனாலும் அடித்தாள்.

மாட்டுக் கயிற்றால் அவனைப் பந்தல் காலோடு கட்டினார்கள். சீனிச்சாமி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கட்டுண்டு கிடந்தவனின் பிடரி முடியைப் பிடித்துத் தலையைக் குனிய வைத்தார். பட்டாளத்துக்காரரின் நிதானத்தில் அரிவாள் மேலே போனது.

“அண்ணாச்சி” என்றாள் குருவம்மாள். குரலை உயர்த்தவில்லை. “மணி நாலு நாப்பது. அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல ஒண்ணும் அறியாத ஒருத்தன ஒங்க ஆளுக வெட்டப் போறாக. இவன வெட்டுறதுக்கு ஒங்களுக்கு எப்பவும் நேரம் இருக்கு. அவனக் காப்பாத்த இருபது நிமிஷந்தான். எது வேணும்?”

“போன் பண்ணுங்க.”

“டீக்கடையில போன் ஏது? நான் போய்ச் சொன்னா நம்புவாகளா?”

அரிவாள் மேலேயே நின்றது. சேக் எண்ணிக்கொண்டிருந்தான். ஏழு எண்ணினான்.

“நம்ப மாட்டானுக” என்றார் சீனிச்சாமி. “எவன் வந்து சொன்னாலும் கேக்காதீக, என் வாயாலதான் கேக்கணும்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன். ஏலே பாய், வண்டிய எடு.”

குருவம்மாள் பொன்னுராஜுக்கு முன்னால் மண்வெட்டியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். “போயிட்டு வாங்க பாய். இவன உசுரோட வைக்க ஒரு ஆளு இங்க வேணும்.”

வன்னியம்பட்டி விலக்கு தாண்டி மெயின் ரோட்டில் ஏறும்போது, ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த சீனிச்சாமியின் அரிவாள் சேக்கின் விலாவில் உரசிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கீறல் விழுந்தது.

“அண்ணாச்சி, அதச் செத்தத் தள்ளிப் பிடிங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எனக்கும் ஒரு கட்டில் போட வேண்டியதாயிரும்.”

“பேசாம ஓட்டுல.”

“இதுக்கு மேல முறுக்கினா கைப்பிடிதான் கையோட வரும்.”

எதிரே வந்த பஞ்சு லாரிக்கும் ஒரு மாட்டு வண்டிக்கும் நடுவில் நுழைந்தான். கண்ணை மூடிக்கொண்டுதான் நுழைந்தான். திறந்தபோது இரண்டுக்கும் அந்தப் பக்கம் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது டீக்கடை பெஞ்ச் காலியாக இருந்தது. துண்டுகளில் விறைப்பு இல்லை; அரிவாள்கள் கைக்கு வந்திருந்தன. ஒன்பது பேரும் ரோட்டைக் கடந்துவிட்டார்கள்.

அபுபக்கர் கடைசிப் படியில் நின்றான். ஆரிபா அவன் முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். இன்ஸ்பெக்டருக்குப் பதிலாக வந்த ஏட்டு ஒருவர் லத்தியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஒரு கான்ஸ்டபிள் மண்டை உடைந்து படியில் உட்கார்ந்திருந்தார். சீனிச்சாமியின் சித்தப்பா மகன் கண்ணுச்சாமி ஆரிபாவைக் கூந்தலைப் பிடித்து ஓரமாக வீசினான். அபுபக்கர் கண்ணை மூடிக்கொண்டான்.

ஸ்கூட்டர் நிற்கவில்லை. சேக் அதை அப்படியே படியில் கொண்டுபோய் மோதினான். மூன்று பேர் ஸ்கூட்டரோடு விழுந்தார்கள். சேக் நாலாவதாக விழுந்தான். விழும்போது பார்த்தான்: சீனிச்சாமி விழவில்லை, குதித்தார். குதித்தவர் கண்ணுச்சாமிக்கும் அபுபக்கருக்கும் நடுவில் இடது கையை நீட்டினார். இறங்கிக்கொண்டிருந்த அரிவாளைக் கண்ணுச்சாமியால் நிறுத்த முடியவில்லை. அது அண்ணனின் முன்கையில் எலும்பு வரை இறங்கியது.

“அண்ணே!”

“விடுலே” என்றார் சீனிச்சாமி. கையிலிருந்து ரத்தம் குழாய் போலக் கொட்டியது. அவர் குனிந்து பார்க்கவில்லை. “ஆளு இவன் இல்ல. பொன்னுராஜ். வாயால ஒத்துக்கிட்டான். கீழ போடுங்க எல்லாத்தையும்.”

ஒவ்வொன்றாக ஒன்பது அரிவாளும் சிமெண்ட் தரையில் விழுந்தன. பத்தாவது சீனிச்சாமியின் வலது கையிலேயே இருந்தது.

அபுபக்கர் கண்ணைத் திறந்தான். தன் தலைக்காக ஆள் அனுப்பியவர் தனக்காக ரத்தத்தைத் தரையில் கொட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். ஆரிபா எழுந்து வந்து அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“பொன்னுராஜுக்கு மெட்ராசுல ஒரு பொம்பள இருக்கா” என்றார் சீனிச்சாமி. “ஒரு புள்ளையும் இருக்கு. எந் தம்பி அந்த வீட்டத்தான் பாத்துட்டு வந்திருக்கான். ஒன் வண்டியில வந்தவுகள விசாரிச்சேன்; நீ இறக்கிவிட்ட தெருவுலேருந்து ரெண்டு மணி நேரத்துல போயிட்டு வார தூரம். ஒனக்கு அந்தப் பக்கம் எல்லாம் அத்துப்படி. ஒன் வண்டி மறுபடி எப்பப் போகுது?”

“அடுத்த வியாழக்கிழம, அண்ணாச்சி.”

“எனக்கு ஒரு எடம் போடு. எந் தம்பி சாவுக்குக் காரணமானவுகள நான் பாக்கணும்.”

அரிவாள் பிடித்திருந்த கை அப்போதுதான் இறுகியது. படியில் கிடந்த சேக் அதைப் பார்த்தான். ஏட்டும் பார்த்தார்.

அபுபக்கர் ஆரிபாவின் கையை மெல்ல விலக்கிவிட்டு ஒரு படி இறங்கினான். இருவருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

“வண்டி போகும், அண்ணாச்சி. ஸ்டூடியோவுக்குப் போகும், வடபழனிக்குப் போகும், கடற்கரைக்குப் போகும். ஒங்கள எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போறேன். அந்தத் தெருவுக்கு மட்டும் போகாது. அந்தப் பொம்பள இங்க யாரையும் வெட்டல.”

“போகலன்னா?”

“வெட்டுங்க. அதுக்குத்தானே காலையிலேருந்து ஆளு நிப்பாட்டியிருக்கீக.”

ஆஸ்பத்திரி ஜன்னல்களில் எல்லாம் முகங்கள். சீனிச்சாமியின் முன்கையிலிருந்து சொட்டிய ரத்தம் அபுபக்கரின் வெறும் பாதத்தில் விழுந்தது. அவன் காலை நகர்த்தவில்லை. சீனிச்சாமி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் கையிலிருந்த அரிவாளை மெதுவாகத் திருப்பி, பிடி வெளிப்பக்கம் இருக்கும்படி, ஏட்டிடம் நீட்டினார்.